சென்சார் மாற்றியும் எஃப் 3, போர்டு மாற்றியும் எஃப் 3: உங்கள் ஓவன் எரர் கோட் அனுபவங்கள்

வெள்ளெலி:
பிரச்சினை தீர்ந்து நாளாகிவிட்டது, ஆனாலும் மனசு ஆறவில்லை. பில்ட்-இன் எலக்ட்ரிக் ஓவன். ஆறிக் கிடக்கும்போது ஒரு தொல்லையும் இல்லை. 180 டிகிரிக்கு வைத்தால், சூடு ஏறும்போது பீப் பீப் என்று கத்திவிட்டு எஃப் 3 காட்டி நின்றுவிடும். ஆறியதும் கோட் தானாகப் போய்விடும். எங்கள் மாடலில் எஃப் 3 என்றால் சென்சார் சர்க்யூட் ஓப்பன், அதாவது சூட்டை அளக்கும் சென்சாரின் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது.

சர்வீஸ்காரர் வந்தார், புது சென்சார் போட்டார். திரும்ப வந்தது. மறுபடி வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார், 1,090 ஓம். "சென்சார் பக்கா. அப்படின்னா போர்டுதான் சார்" என்றார். ஓவனைக் கட்டுப்படுத்தும் அந்த எலக்ட்ரானிக் போர்டையும் மாற்றினார். அன்று சாயங்காலமே அதே பீப்.

கடைசியில் வேறொருவர் வந்து ஓவனை வெளியே இழுத்து, பின்தகடைக் கழற்றி, சென்சார் ஒயர் சேரும் கனெக்டரைப் பிடுங்கிக் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி இருந்தது. உள்ளே ஒரு பின் கறுத்துப்போய் தொளதொளவென்று ஆடியது. விரலால் தள்ளினார், கையோடு வந்துவிட்டது. அவ்வளவுதான் வியாதி.

எனக்கு உறுத்துவது அந்தப் பழைய போர்டு. "பழசு உங்களுக்கு எதுக்கு சார்" என்று முதல் ஆள் எடுத்துக்கொண்டே போய்விட்டார். அது நல்ல போர்டு!

ஓம்மீட்டர்:
ஆறிக் கிடக்கும் சென்சாரை அளந்து "பக்கா" என்று சொல்வதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிறைய ஓவன்களில் இருப்பது பிடி 1000 வகை. 0 டிகிரியில் 1,000 ஓம், அப்புறம் டிகிரிக்கு சுமார் 3.8 ஓம் ஏறும். அறைச் சூட்டில் 1,080, 1,090 வரும்தான். சூட்டில் விட்டுப்போகிற இணைப்பு குளிரில் எப்படித் தெரியும்?

என் வீட்டு ஓவனிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஆனால் என்னுடையதில் சென்சாரே குற்றவாளி. கழற்றி மேஜையில் வைத்து, இரண்டு முனையிலும் மீட்டரை மாட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். 1,090, 1,120, 1,180 என்று அழகாக ஏறிக்கொண்டே போனது. 1,200 தாண்டியதும் சட்டென்று ஓ.எல்., அதாவது இணைப்பே இல்லை என்று மீட்டர் காட்டியது. டிரையரை நகர்த்தினால் எண் திரும்ப வந்துவிட்டது. திரும்பக் காட்டினால் மறுபடி ஓ.எல். சென்சார் குழாய்க்குள் எங்கோ ஒரு மயிரிழை விரிசல், சூட்டில் விரியும்போது மட்டும் பிரிகிறது. அந்த எண் மறைந்த நொடி இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெள்ளெலி, ஒரு கேள்வி. கோட் வருவதற்கு முன்னால் கொஞ்ச நாள் உங்கள் ஓவன் சூடு பற்றாமல் இருந்ததா?

மொட்டைமாடி:
எஃப் 3 என்றால் சென்சார் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டீர்கள். ஒரே எண் ஒரு கம்பெனிக்கு சென்சார், இன்னொன்றுக்குக் கதவுப் பூட்டு, வேறொன்றுக்குக் கீபேட். ஒரே கம்பெனியில் பழைய மாடலுக்கும் புதுசுக்கும்கூட மாறும். உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்க்காமல் இணையத்தில் கோட் தேடுவது வீண்வேலை.

எங்களுடையது கதவுப் பூட்டு. கடும் சூட்டில் உள்ளே ஒட்டிய பிசுக்கை எரித்துச் சுத்தம் செய்கிற செல்ஃப் கிளீனைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். நடுராத்திரி "டர்ர்ர்... டக்" என்று சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி "டர்ர்ர்... டக்". பூட்டு மோட்டார் சுற்றுகிறது, பூட்டு எந்த நிலையில் இருக்கிறதென்று சொல்லவேண்டிய குட்டி மைக்ரோசுவிட்ச் பதில் சொல்லவில்லை, போர்டு திரும்பத் திரும்ப முயற்சி செய்கிறது. கதவு பூட்டியபடி, உள்ளே அனல். பிரேக்கரை இறக்கிவிட்டு, விடியும்வரை ஆறவிட்டு, திரும்ப ஏற்றியதும் மோட்டார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கதவைத் திறந்துவிட்டது. அப்புறம் மைக்ரோசுவிட்சை மட்டும் மாற்றினோம்.

அந்தச் செல்ஃப் கிளீன் பட்டனை அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை. 450 டிகிரிக்கு மேல் போகிற சமாச்சாரம். அதை முடித்த கையோடு, சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட் போய் ஓவனே செத்துவிட்டது என்று வருகிறவர்கள் ஏராளம். விசேஷத்துக்கு முந்தின நாள் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சும்மா வந்தேன்:
எங்கள் ஓவனில் ஒருமுறை ஏதோ கோட் வந்தது, பிரேக்கரை ஆஃப் செய்து ஆன் செய்தேன், போய்விட்டது. இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் பிரேக்கரை இறக்கி ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். ஏற்றியதும் கடிகாரத்தைச் செட் செய்யுங்கள், சில மாடல்கள் நேரம் வைக்காமல் சூடே ஆகாது. டிஸ்ப்ளேயில் சாவிப் படம் இருந்தால் அது சைல்டு லாக், கோட் இல்லை. பில்ட்-இன் என்றால் மேலே கூலிங் ஃபேன் ஓடுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். ஓடாவிட்டால் போர்டு வெந்து கண்டகண்ட கோடைக் காட்டும். உணவுக்குள் குத்திச் சூடு பார்க்கும் புரோப் மாட்டுகிற துளை இருந்தால் அதில் பிசுக்கு சேர்ந்திருக்கும், துடையுங்கள். சென்சாரைக் கழற்றும்போது ஒயரை மெதுவாக இழுங்கள். கனெக்டர் துளை வழியாக வெளியே வந்ததும் ஒரு டேப்பால் சுவரோடு ஒட்டிவிடுங்கள், உள்ளே நழுவிவிட்டால் முழு ஓவனையும் வெளியே இழுக்கவேண்டும். பின்னால் இருக்கிற கண்ணாடி இழைப் பஞ்சு கையில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும், முழுக்கை சட்டை போடுங்கள். ஒயர்களைக் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். மிக முக்கியமாக, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஆளையே அடித்துவிடும், யாரும் திறக்காதீர்கள்.

ஓம்மீட்டர்:
டேப் யோசனை அருமை, ஆனால் கடைசி வரி மைக்ரோவேவுக்கு உரியது சார். ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறுகிற கெப்பாசிட்டர் அதில்தான் உண்டு. வெறும் எலக்ட்ரிக் ஓவனில் ஆபத்து மெயின் லைன்தான். முன்னால் இருக்கிற குமிழை ஆஃப் நிலைக்குத் திருப்பிவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று நினைப்பதுதான் ஆளை அடிக்கும். பிரேக்கரை இறக்கிவிட்டு டெர்மினலில் மீட்டர் வைத்து உறுதி செய்தபிறகு கை வையுங்கள். மீட்டர் பிடிக்கத் தெரியாதவர் ஆள் கூப்பிடுவதே நல்லது.

பழைய ரேடியோ:
"ஆஃப் செய்து ஆன் செய்தேன், போய்விட்டது" என்று படித்ததும் வயிற்றைக் கலக்கியது. எங்களுக்கு வந்தது எஃப் 2, அந்த மாடலில் அளவுக்கு மீறிய சூடு. வீட்டில் எல்லோரும் அதையேதான் செய்தார்கள், கோடும் போய்விட்டது. ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகிறேன். ஓவன் ஆஃப். டிஸ்ப்ளேயில் கடிகாரம் மட்டும் அமைதியாக ஓடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் கீழ் எலிமென்ட் பளீரென்று சிவந்து எரிகிறது! பட்டனை எத்தனை அழுத்தியும் அணையவில்லை.

பிரேக்கரை இறக்கியபிறகுதான் மூச்சு வந்தது. எலிமென்ட்டுக்குக் கரண்டை விட்டு நிறுத்துகிற சுவிட்ச், அதாவது போர்டில் இருக்கிற ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. ஓவனின் மூளை அணை என்றுதான் சொல்கிறது, ரிலே விடவில்லை. சென்சார் ஒழுங்காக வேலை செய்ததால்தான் அந்தக் கோடே வந்தது. இந்த மாதிரி நேரத்தில் சென்சாரை மாற்றுவது, காய்ச்சல் என்று காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கிப்போடுவது போல.

சால்டரிங் தெரிந்த நண்பர் ரிலேயை மட்டும் மாற்றிக்கொடுத்தார். முழு போர்டுதான் வேண்டும் என்று யாராவது சொன்னால், ரிலே காலடியில் சால்டர் கறுத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா வந்தேன், உங்கள் கோட் என்ன எண் என்று ஞாபகம் இருக்கிறதா?

சும்மா வந்தேன்:
ஞாபகம் இல்லை அண்ணா. இப்போது பயமாக இருக்கிறது.

குட்டி ஸ்க்ரூ:
பயம் காட்டாதீர்கள், எல்லாக் கோடும் தீப்பிடிக்கிற கோட் இல்லை. எனக்கு வந்தது முன்பேனலை ஈரத்துணியால் துடைத்த மறுநாள். ஹெல்ப்லைனில் பேசிய பெண் கேட்டார்: "சார், முதல் எழுத்து எஸ்ஸா, 5ஆ?" டிஸ்ப்ளேயைப் பார்த்தேன், பதில் சொல்ல முடியவில்லை. ஏழு கோட்டு டிஸ்ப்ளேயில் இரண்டுக்கும் எரிவது அதே ஐந்து கோடுகள்தான்! எனக்குப் பதில் தெரியாது, அவருக்கும் வேறு வழி தெரியவில்லை, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

கடைசியில் அது பட்டன் அழுந்தி நிற்கிறது என்கிற கோட். பிரேக்கரை இறக்கி பேனலைத் திறந்து, கீபேடிலிருந்து போர்டுக்குப் போகிற ரிப்பன் கேபிளைக் கழற்றி, முனையைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, உலரவிட்டு, திரும்பச் சொருகினேன். கோட் போய்விட்டது. ரிப்பனைக் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்தால் கோட் வராமல் இருந்தால் கீபேட் கோளாறு, அப்போதும் வந்தால் போர்டு என்றார் ஒருவர். சில மாடல்கள் ரிப்பன் இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கோட் காட்டும், அதனால் அதை நான் முழுதாக நம்பமாட்டேன்.

வெள்ளெலி:
ஓம்மீட்டர், இப்போதுதான் உங்கள் கேள்வியைப் பார்த்தேன். ஆமாம், கோட் வருவதற்கு முன்னால் பல வாரம் எதை வைத்தாலும் அரைகுறையாகத்தான் வந்தது. ஓவன் 180 என்று காட்டும், உள்ளே சூடு போதாது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஓம்மீட்டர்:
தளர்ந்த இணைப்பும் ஒரு தடைதானே. அது 50 ஓம் கூட்டினால், உள்ளே இருப்பதைவிடச் சுமார் 13 டிகிரி அதிகம் என்று போர்டு கணக்குப் போடும், சூட்டைச் சீக்கிரம் நிறுத்திவிடும். இணைப்பு முழுக்க அறுகிற அன்றைக்குத்தான் கோட் வரும். அந்த இரண்டாவது ஆள் கனெக்டருக்குப் பதில் என்ன போட்டார்? சாதாரண பிளாஸ்டிக் மூடியும் பிவிசி டேப்பும் அந்த இடத்தில் நிற்காது, பீங்கான் கனெக்டர்தான் வேண்டும்.

வெள்ளெலி:
பீங்கான்தான், வெள்ளையாக, உள்ளே ஸ்க்ரூ வைத்தது. ஒயருக்கும் கண்ணாடி இழை உறை போட்டிருக்கிறார். அது சரி, அந்தப் பழைய போர்டைத் திரும்பக் கேட்கலாமா? பில்லில் "பழுதான போர்டு" என்றே எழுதியிருக்கிறது.

பழைய ரேடியோ:
தாராளமாகக் கேளுங்கள். எந்தப் பாகம் பழுது, எப்படிச் சோதித்தார் என்று எழுதிக் கொடுக்கவும் சொல்லுங்கள்.