கொடைக் கமிட்டி குரூப்: சைட்டு ஏன் திறக்கல்ல

காலை 6:40

வடசேரி மாமா: நம்ம கோயில் சைட்டு திறக்கல்ல. 502ன்னு வருது. பாம்பேல உள்ளவங்க கொடைச் செலவுக்கான வரி கட்ட முடியாம ராத்திரி முழுக்கக் கூப்பிட்டாச்சு. கொடைத் திருவிழாவுக்கு இனி 12 நாளாக்கும் இருக்கு.

தக்கலை சித்தப்பா: யாரோ ஹேக் பண்ணிட்டான்னு கீழவீட்டு குரூப்ல ஓடுது

கலா மைனி: ஐயோ, கட்டின பைசா?

சிவா: மைனி, பைசா எங்கயும் போகல்ல. வரி நேரா கோயில் பேங்க் கணக்குலதான் விழும். சைட்ல இருக்கது பேரும் ரசீதும் மட்டும். ஹேக்கும் இல்ல. 502ன்னா வாசல்ல நின்னு ஆளை உள்ள விடுற என்ஜின்எக்ஸ் புரோகிராம் உயிரோட இருக்கு, உள்ள நம்ம சைட்டைக் கட்டியிருக்க ஜாங்கோவை ஓட்டுற குனிகார்ன் புரோகிராம் எந்திரிக்கல்லன்னு அர்த்தம். சர்வரே செத்திருந்தா இந்த 502கூட வராது. அனி, நேத்து அதுல ஏதாவது தொட்டியா?

அனி: ஆமா அண்ணே. லாகின் பண்ணினதும் புது வெர்ஷன் இருக்குன்னு காட்டிச்சு. சர்வரோட ஓஎஸ் உபுண்டு 22.04ஐ 24.04 ஆக்கினேன்.

வடசேரி மாமா: கொடை நேரத்துலயா மக்ளே

அனி: பாதுகாப்புக்குன்னு நெனச்சேன் மாமா

சிவா: ஏசாதீங்க மாமா, செய்ய வேண்டிய காரியந்தான், நேரந்தான் சரியில்ல. அனி, குனிகார்னோட ஜர்னல்ல, அதான் லாக்ல, கடைசி 50 வரி எடுத்துப் போடு.

அனி: மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர், குனிகார்ன்னு ஒரு மாட்யூலே இல்லன்னு சொல்லுது. ஆனா இன்ஸ்டால் பண்ணித்தானே இருக்கு?

சிவா: இருக்கு. ஆனா தேடுற இடம் மாறிப்போச்சு. ஜாங்கோ எழுதின மொழி பைத்தான், உபுண்டு 22.04ல அது 3.10, 24.04ல 3.12. நம்ம சைட்டுக்கு வேண்டிய பைத்தான் சாமானைத் தனியா வச்சிருக்க ஃபோல்டர்தான் வென்வ், அதுக்குள்ள இருக்க பைத்தான் தனி பைத்தான் இல்ல, சிஸ்டம் பைத்தானுக்குக் கை காட்டுற வெறும் லிங்க். அந்தக் கை இப்ப 3.12ஐக் காட்டுது. ஜாங்கோ, குனிகார்ன் எல்லாம் பழைய 3.10 ஃபோல்டர்லயே கெடக்கு. வீடு மாறினவனுக்குப் பழைய விலாசத்துல லெட்டர் போட்ட கணக்கு. ஃபோல்டரை மட்டும் இடம் மாத்தி வச்சிரலாம்னு நெனைக்காண்டாம். டேட்டாபேஸோட பேசுற சைக்கோபிஜி2, படத்தைக் கையாளுற பில்லோ ரெண்டும் 3.10க்குன்னே கம்பைல் ஆனது, 3.12ல ஏறாது. வென்வைப் புதுசா கட்டணும்.

பெரியம்மா: வில்லுப்பாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா

தக்கலை சித்தப்பா: பாதி குடுத்திருக்கு

பெரியம்மா: மீதி?

தக்கலை சித்தப்பா: வரி வரணுமே. சைட்டுதான் இல்லியே.

சிவா: அனி, இந்த வரிசையில போ. எதையும் அழிக்காத.
முதல்ல டேட்டாபேஸை பிஜிடம்ப்ல நகல் எடு, கஸ்டம் ஃபார்மட்ல. ஏத்தின போட்டோ இருக்க மீடியா ஃபோல்டரையும் சேத்து ரெண்டையும் உன் லேப்டாப்புக்கு இறக்கு. சர்வர்லயே வச்சா அது பேக்கப் இல்ல.
பழைய வென்வுக்குப் பேரு மட்டும் மாத்தி வை.
உபுண்டுல பைத்தான்3-வென்வ் பேக்கேஜைத் தனியா போடணும். இல்லன்னா பேக்கேஜ் இறக்குற பிப்பை உள்ள வைக்க என்ஷ்யூர்பிப் இல்லன்னு மடக்கும்.
பொறவு புது வென்வ், அதுல ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல எழுதியிருக்க பேக்கேஜ் எல்லாம்.

அனி: டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்ல ரெண்டு வெர்ஷன் காட்டுது அண்ணே. 14ன்னு ஒண்ணு, 16ன்னு ஒண்ணு.

சிவா: நம்ம சைட்டு பேசுற 5432 போர்ட்ல எது?

அனி: 14

சிவா: நல்லதாப்போச்சு. நம்ம டேட்டா 14லதான் இருக்கு. 16 உபுண்டு தானா கொண்டாந்த காலிப் பாத்திரம், 5433ல நிக்கும். இப்ப ரெண்டையும் தொடாண்டாம். மாத்துறதைக் கொடை முடிஞ்சு வச்சுக்கலாம்.

கலா மைனி: தோவாளையில பூ சொல்லியாச்சா? பங்குனிக் கடைசி வெள்ளி, கல்யாண முகூர்த்தமும் இருக்கு. வெல ஏறிப்போகும்.

வடசேரி மாமா: நான் நேர்ல போய்ச் சொல்லுகேன். பிச்சி 5 கிலோ போதுமா

கலா மைனி: அம்மனுக்கு மட்டுமே போதாது

காலை 8:15

அனி: பிப் நடுவழியில நின்னுட்டு. பிஜிகான்ஃபிக் இல்லன்னு செவப்பா ஒரு பக்கம் முழுக்க வருது.

சிவா: ரெக்வயர்மென்ட்ஸ்ல சைக்கோபிஜி2-பைனரி என்ன நம்பர்?

அனி: 2.9.6

சிவா: அதாக்கும் காரியம். 3.12க்கு ஆயத்தமா கட்டின பொதி 2.9.9லதான் வந்தது. 2.9.6ன்னு எழுதியிருந்தா பிப் சோர்ஸ் கோடுல இருந்து கட்டப் பாக்கும், அதுக்கு வேண்டிய சாமான் சர்வர்ல இல்ல. எரரைப் பாத்துட்டு அந்தச் சாமானையெல்லாம் இன்ஸ்டால் பண்ணிட்டு இருக்காத, நம்பரை மாத்து. பில்லோ 10.1 ஆக்கு. ஜாங்கோ 4.2.4ன்னுதானே இருக்கு? 3.12க்கு ஆதரவு 4.2.8ல இருந்துதான். 4.2 வரிசையில கடைசி எதுவோ அதைப் போடு. 5க்குத் தாவாத.

தக்கலை சித்தப்பா: நல்லதுன்னா 5ஏ போடலாமே

சிவா: போடத்தான் வேணும் சித்தப்பா. 4.2க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2026 ஏப்ரல் வரைக்குந்தான். 5.2 எல்டிஎஸ், அதாவது ரொம்ப நாள் ஆதரவு உள்ளது, 2028 ஏப்ரல் வரைக்கும் வரும். ஆனா டிசைன் ஃபைலை எப்படி வைக்கணும்னு நம்ம செட்டிங்ஸ்ல சொல்லுற ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்_ஸ்டோரேஜை 5.1லயே எடுத்துட்டாங்க, ஸ்டோரேஜஸ்ன்னு புது டிக்ஷனரியா மாத்தி எழுதணும். அதை எழுதாம 5.2 போட்டா எரர்கூட வராது, பழைய வரியைக் கண்டுக்காம டீஃபால்டுக்குப் போயிரும். டிசைன் ஃபைலோட பேர்ல வால் மாதிரி ஒட்டுற ஹேஷ், ஃபைல் மாறினா மாறுற குறி, நின்னுபோகும். ஆளுக்காளு பழைய டிசைனே போன்ல நிக்கும், ஏன்னும் தெரியாது. சத்தம் போடாம வர்ற தப்பு கொடை நேரத்துல வேண்டாம். முடிஞ்ச கையோட செய்யலாம்.

அனி: டேட்டாபேஸைச் சரிபண்ணுற மைக்ரேட், டிசைன் ஃபைலைச் சேக்குற கலெக்ட்ஸ்டாட்டிக் ரெண்டும் ஓடிட்டு. சர்வீஸ் ரீஸ்டார்ட் பண்ணினேன்.

வடசேரி மாமா: திறந்துட்டு!! 🙏

கலா மைனி: 🙏🙏

பெரியம்மா: அம்மா காப்பாத்தினா

காலை 9:02

தக்கலை சித்தப்பா: ரசீது போட்டோ ஏறல்ல. 413

சிவா: போட்டோ எத்தனை எம்பி?

தக்கலை சித்தப்பா: 3

சிவா: 413ன்னா ஃபைல் பெருசுன்னு அர்த்தம். என்ஜின்எக்ஸ் தானா விடுறது 1 எம்பி. நாம 20 ஆக்கி வச்சிருந்தோம். அனி, அப்கிரேடு நடுவுல கான்ஃபிக் ஃபைலைப் புதுசா போடவான்னு கேட்டப்போ ஒய் அடிச்சியா?

அனி: எல்லாத்துக்கும் ஒய்தான்

சிவா: என்ஜின்எக்ஸ்.கான்ஃப் பக்கத்துலயே டிபிகேஜி-ஓல்டுன்னு பழசு இருக்கும். அதுல இருந்து அந்த அளவைச் சொல்லுற கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் வரியை எடுத்து நம்ம சைட்டோட சொந்த ஃபைல்ல, சர்வர் பிளாக்குக்குள்ள போடு. அந்த ஃபைல் நாம உண்டாக்கினது, அடுத்த அப்கிரேடும் அதைத் தொடாது. ரீலோடுக்கு முன்ன என்ஜின்எக்ஸ் மைனஸ் டி போட்டு சரிபாரு.

தக்கலை சித்தப்பா: இப்ப 500

சிவா: சந்தோஷம். 500ன்னா உள்ள புரோகிராம்ல தப்பு. அப்ப போட்டோ ஜாங்கோ வரைக்கும் போயிட்டு. இது பில்லோ மாறினதால. சின்னப் படம் ஆக்குற இடத்துல ஆன்ட்டிஅலையாஸ்னு எழுதியிருக்கும், பில்லோ 10ல அந்தப் பேரே கெடையாது. லான்சோஸ்னு மாத்து.

அனி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சிவா: அனி, நீ அழிச்சாலும் நான் பாத்துட்டேன், இன்னும் எத்தனை பேரு பாத்தாங்களோ. சைட்டோட ரகசியம் எல்லாம் இருக்க என்வ் ஃபைலை குரூப்ல போடாத மக்ளே. அதுல சீக்ரெட்கீ இருக்கு. அது கையில கிடைச்சவன் ஜாங்கோ கையெழுத்து வைக்கிற தகவலைக்கூடப் போலியா உண்டாக்கிரலாம். இப்பவே சீக்ரெட்கீ, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ரெண்டையும் மாத்து. பழைய கீயும் செல்லும்னு வைக்கிற ஃபால்பேக்ஸ்ல அதை வைக்காத, வெளிய போன சாவி அது. எல்லாரும் மறுபடி லாகின் பண்ணணும், பரவால்ல.

கலா மைனி: எனக்கு பாஸ்வேர்டு ஓர்மை இல்ல

தக்கலை சித்தப்பா: போட்டோ ஏறிட்டு

வடசேரி மாமா: இனி இப்படி ஆகாம என்ன செய்யணும்னு சொல்லு சிவா

சிவா: கொடை முடியுற வரைக்கும் சர்வர்ல யாரும் எதையும் தொடாண்டாம். தினம் ராத்திரி 2 மணிக்கு கிரான்ல, அதாவது நேரத்துக்குத் தானா ஓடுற மாதிரி, டேட்டாபேஸ் டம்ப், அதை வேற இடத்துக்கு அனுப்பணும். மாசம் ஒருக்கா அதுல ஒண்ணை எடுத்து வேற மெஷின்ல திறந்து பாக்கணும். திறந்து பாக்காத பேக்கப்பை நம்ப முடியாது. எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு ஆயுசு 90 நாள், செர்ட்பாட் தானா புதுப்பிக்கும். அது நின்னுபோனா முன்னெல்லாம் லெட்ஸ் என்கிரிப்ட்ல இருந்து மெயில் வரும், 2025 ஜூனோட அதை நிறுத்திட்டாங்க. அதனால செர்ட்பாட் டைமர் ஓடுதான்னு அனி மாசாமாசம் பாக்கணும். இதையெல்லாம் விட எனக்குப் பயம் டொமைன்தான், நம்ம சைட்டோட விலாசப் பேரு. அது யாரு மெயில்ல இருக்கு?

தக்கலை சித்தப்பா: கீழவீட்டு அண்ணன் மெயில்ல

கலா மைனி: அவரு இந்த குரூப்லயே இல்லியே

தக்கலை சித்தப்பா: போன கொடையில பந்தி வெளம்புன நேரத்துல உண்டான சண்டை. யாரு போய்ப் பேச?

பெரியம்மா: அவன் வீட்டுக்கு நான் போறேன். கோயில் சைட்டுக்கு அவன் மாட்டேன்னு சொல்ல மாட்டான்.

சிவா: பெரியம்மா, புதுப்பிக்க வேண்டிய தேதியையும் கேட்டுக்கோங்க. லாகின் கமிட்டி பேர்ல ஒரு பொது மெயிலுக்கு மாறினாப் போதும். ரெண்டு பேரு கையிலயாவது இருக்கணும்.

வடசேரி மாமா: ரெண்டாவது ஆளு யாரு

தக்கலை சித்தப்பா: அனியா?

கலா மைனி: அவன் வெளிநாடு போகப் போறானே

வடசேரி மாமா: ஞாயித்துக்கெழமை கோயில்ல இருந்து பேசலாம்

பெரியம்மா: மட்டி வாழைக்குலை எத்தனைன்னு யாரும் சொல்லல்ல. வெறுங்கையோட அவன் வீட்டுக்குப் போகப்பிடாது, அதுல ஒரு குலை எனக்கு வேணும்.