மறு: பெயரிட்ட மாறிலி – பிளாக் நிரலாக்கத்தில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். நிரலில் ஒரு பெயர் வைத்து, பிறகு மாற்றாமல் பயன்படுத்தும் மதிப்பை (named constant) பிளாக் நிரலாக்கத்தில், அதாவது பிளாக்குகளை இழுத்து இணைத்து நிரல் அமைக்கும் முறையில், தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> பாடநூலில் 'மாறிலி' இருக்கிறதே. முன்னால் 'பெயரிட்ட' என்று சேர்த்தால் போதாதா?

தாளில் போதும். திரையில்தான் சிக்கல். மாறிக்கும் (மதிப்பு மாறக்கூடியது) மாறிலிக்கும் (மாறாதது) நடுவே ஒரே ஒரு 'லி'. இயற்பியலில் பிளாங்க் மாறிலி என்று படிக்கும்போது பக்கத்தில் பிளாங்க் மாறி என்று எதுவும் நிற்பதில்லை, குழப்பமும் இல்லை. ஸ்கிராட்ச் போன்ற பிளாக் நிரலாக்கச் சூழலில் மாறிலியையும் சேர்த்தால், இடப்பக்கப் பட்டியலில் 'மாறிகள்', 'மாறிலிகள்' என்று சின்ன எழுத்தில் அடுத்தடுத்து வரும். நேற்று ஒரு மாதிரித் திரை வரைந்து பார்த்தேன். வரைந்தவனே இரண்டு முறை தவறானதை இழுத்தேன்.

'பெயர்மாறிலி' என்று ஒட்டி எழுதினால் 'பெயர் மாறாதது' என்றுதான் என் காதில் விழுகிறது. மாறக் கூடாதது மதிப்பு. பெயரை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம்.

அப்புறம், 'பெயரிட்ட' என்ற அடையே இங்கு தேவையா? எழுத்தில் அடிக்கும் நிரலில் 9.8 போன்ற வெறும் எண்ணையும் மாறிலி என்பதால் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஸ்கிராட்சில் வெறும் எண்ணை அந்தந்த பிளாக்கின் வெள்ளைக் குழிக்குள்ளேயே தட்டிவிடுகிறோம், அதற்குத் தனி பிளாக் கிடையாது. பட்டியலில் மாறிலி என்று ஒன்று வந்தாலே அதற்குப் பெயர் இருந்தாக வேண்டும்.

பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்து நிரல் வரையும் லேப்வியூவில் கதை வேறு. அங்கே வெறும் எண்ணும் தனிப் பெட்டிதான், கம்பி இழுத்து இணைக்க வேண்டும். பெட்டிக்கு மேல் ஒரு பெயர்ச்சீட்டும் வைக்கலாம். ஆனால் அதைப் படியெடுத்து ஐந்து இடத்தில் வைத்தால் ஐந்தும் தனித்தனி. ஒன்றில் 9.8-ஐ 9.81 ஆக்கினால் மற்ற நான்கும் பழையபடியே கிடக்கும். சீட்டு ஒட்டியதாலேயே அது நாம் பேசும் பொருள் ஆகிவிடாது. ஓரிடத்தில் வரையறுத்து, வேண்டிய இடத்திலெல்லாம் பெயரால் அழைக்க முடிய வேண்டும்.

என் பரிந்துரை: நிலைமதிப்பு.

'நிலை' ஏற்கெனவே நிரலின் நிலவரத்தைக் குறிக்கிறதே என்பீர்கள். அங்கே அது பெரும்பாலும் பின்னால் வரும்: தொடக்கநிலை, இயக்கநிலை. முன்னால் வந்தால் நிலைக்கண்ணாடி, நிலையாணை, நிலைவைப்பு போல நிலைத்து நிற்பதைக் காட்டும். 'நிலைமாற்றம்' மட்டும் உதைக்கிறது. சரி, ஒரு விலக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

சொல்லோடு வேலை முடியவில்லை. ஆங்கில எழுத்தில் நிரல் எழுதுவோர் மாறிலியின் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதிவிடுவார்கள். மாறிலிக்கென்று தனி வசதி இல்லாத ஸ்கிராட்சிலும் ஒரு மாறியை உண்டாக்கி, அப்படிப் பெயர் வைத்து, தொடாமல் விட்டுவிடலாம். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? பார்த்தவுடன் தெரிய வேறொரு குறி வேண்டும். வடிவத்தை மாற்றவும் வழியில்லை. முட்டை வடிவம் என்றால் மதிப்பு, அறுகோணம் என்றால் உண்மை அல்லது பொய் என்று ஸ்கிராட்சில் வடிவத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை உண்டு. அதனால் முட்டைக்குள், பெயருக்கு முன்னால் ஒரு சின்னப் பூட்டு போடலாம் என்று நினைக்கிறேன். மாறிக்கு மதிப்பு கொடுக்கும் பிளாக்கில் விரியும் பட்டியலில் நிலைமதிப்பின் பெயர் வரவே கூடாது. பூட்டைக் கவனிக்காதவருக்கும் அங்கே புரிந்துவிடும்.

பொத்தானில் 'புதிய நிலைமதிப்பு' என்று போட்டுப் பார்த்தேன். இரண்டாம் வரிக்கு ஓடாமல் நிற்கிறது. இதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.