சாலையோர வரலாற்றுப் பலகைகள்: நின்று படித்தவர்கள் சொல்லுங்கள்

அட்லாண்டாவிலிருந்து:

அமெரிக்காவில் கார் ஓட்டுகிற எல்லோரும் இந்தப் பலகைகளைக் கடந்துதான் போகிறோம். நின்று படித்தவர்கள் எழுதுங்கள். நான் மிசிசிப்பியில் தொடங்குகிறேன்.

டெல்டா பகுதியில் சம்னர் என்று ஒரு சின்ன ஊர். கோர்ட் வாசலில் பச்சைப் பலகை, உச்சியில் மக்னோலியா பூ. எம்மெட் டில் கொலை வழக்கு 1955 செப்டம்பரில் நடந்தது இங்கேதான். சிகாகோவிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுக் கறுப்பினப் பையன் அவன். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறைகேடாக நடந்தான் என்று சொல்லி, அவளுடைய கணவனும் கணவனின் அண்ணனும் அவனை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிப் போனார்கள். அடித்து, சுட்டுக் கொன்று, பஞ்சு அரவை ஆலையின் கனமான விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி டாலஹாச்சி ஆற்றில் போட்டார்கள். ஜூரியில் இருந்த எல்லோரும் வெள்ளைக்காரர்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கூடிப் பேசிவிட்டு, இருவரும் நிரபராதிகள் என்றார்கள். சில மாதம் கழித்து, கொன்றது நாங்கள்தான் என்று அந்த இருவருமே 'லுக்' பத்திரிகையிடம் சொன்னார்கள். விடுதலையான வழக்கை மறுபடி நடத்தச் சட்டத்தில் இடமில்லை. இந்தப் பலகை வந்தது 2007-ல். 52 வருஷம் அந்த ஊரில் இதைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

அங்கிருந்து கிளெண்டோரா பக்கம், சரளைக்கல் பாதையில் கிராபால் லேண்டிங் போனோம். பையனின் உடல் கரை சேர்ந்த இடம் என்று ஆற்றோரத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். முதல் பலகையை 2008-ல் யாரோ பிடுங்கிப் போய்விட்டார்கள். இரண்டாவதைத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளினார்கள்: 317 ஓட்டைகள். மூன்றாவது 2018-ல் வைத்த 35-ஆம் நாளே குண்டு வாங்கியது. இப்போது நிற்பது 2019 அக்டோபரில் வைத்த நான்காவது, குண்டு துளைக்காத எஃகில் செய்தது, எடை 225 கிலோவுக்கு மேல். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன், கல்தூண் மாதிரி அசையாமல் நிற்கிறது. முந்தைய பலகைகளுக்கு என்ன நடந்தது என்பதையும் இதிலேயே எழுதிவிட்டார்கள். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2023-ல் இந்த இடம் தேசிய நினைவுச் சின்னமாகவும் ஆனது. எவ்வளவோ பெரிய நினைவு மண்டபங்களைப் பார்த்திருக்கிறேன், இந்த ஒற்றைப் பலகை அளவுக்கு எதுவும் என்னை உலுக்கியதில்லை.

ரிச்மண்டிலிருந்து:

அண்ணா, அந்த இரண்டாவது பலகையை நான் பார்த்திருக்கிறேன். 2021-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓட்டைகளோடு அப்படியே வைத்திருந்தார்கள். எழுத்துகளுக்கு நடுவே கிழிந்து நிற்கிற உலோகத்தைப் பார்த்துவிட்டு என் பெண், "ஏம்மா பலகையைப் போய்ச் சுடுறாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

எங்கள் வர்ஜீனியாவில் 1927-லிருந்தே பலகை வைக்கிறார்கள், நாட்டிலேயே பழைய திட்டங்களில் ஒன்று. வெள்ளி நிறத்தில் கறுப்பு எழுத்து. பழைய பலகைகளில் போரும் தளபதிகளும்தான் மறுபடி மறுபடி வரும். அடியில் வைத்த ஆண்டு இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். எந்தக் காலத்தில் யார் கதை மதிக்கப்பட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஃபார்ம்வில் ஊரில் மோட்டன் உயர்நிலைப் பள்ளிப் பலகையை எல்லோரும் பார்க்க வேண்டும். வகுப்பறை போதாமல் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளில் கறுப்பினப் பிள்ளைகளை உட்காரவைத்த பள்ளி. 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் மாணவர்களைத் திரட்டி வகுப்பைப் புறக்கணிக்க வைத்தாள். அந்தப் போராட்டத்திலிருந்து எழுந்த வழக்கும் சேர்ந்துதான் 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்தது. அதற்கு அந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) செய்தது என்ன தெரியுமா? வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைக்க மனமில்லாமல் 1959-லிருந்து 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடி வைத்தது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

போர்ட்லண்டிலிருந்து:

அக்கா, இங்கே நம் நாட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. ஓரிகனில் கொலம்பியா ஆறு கடலில் சேரும் இடம் அஸ்டோரியா. மர அறுவை ஆலையில் வேலை பார்த்த பஞ்சாபிகள் 1913-ல் அங்கே கூடித்தான் கதர் கட்சியைத் (துணி இல்லை, 'கதர்' என்றால் கிளர்ச்சி) தொடங்கினார்கள், ஆங்கிலேய ஆட்சியை ஆயுதம் ஏந்தி விரட்ட. சோஹன் சிங் பக்னா தலைவர். அதே வருஷம் நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 'கதர்' பத்திரிகையும் வந்துவிட்டது. நூற்றாண்டுக்காக 2013-ல் அஸ்டோரியாவில் நினைவுப் பலகை வைத்தார்கள். நாங்கள் போன அன்று மழை, குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தோம். பகலெல்லாம் மரம் அறுத்துச் சம்பாதித்த கூலியில் கட்சிக்கும் எடுத்து வைத்தவர்கள் அவர்கள். கேனன் பீச்சுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் வடக்கே போனால் போதும், ஆற்றோரப் பூங்காவில் இருக்கிறது.