கிளட்ச் மாற்றிய பிறகு விடாமல் வரும் பி0335 எரர் கோடு

மன்னார்குடிக்காரன்:
வீட்டிலேயே கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட் மாற்றினோம். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் தஞ்சாவூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் இன்ஜின் சூடானதும் செக் இன்ஜின் லைட் எரிந்து வண்டி அப்படியே ஆஃப் ஆகிவிடுகிறது, ஆறவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் பி0335, அதாவது இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார். புதுசு போட்டும் அதே கோடு. அடுத்து இசியூவைத்தான் (இன்ஜின் கம்ப்யூட்டர்) பார்க்கணுமா?

டெல்டா டீசல்:
இசியூ பக்கமே போகாதீங்க தம்பி. அந்தக் கோடு சென்சார் கெட்டுப்போச்சு என்று சொல்லவில்லை, அந்த சர்க்யூட்டில் சிக்னல் சரியில்லை என்கிறது, ஒயர், கனெக்டர், எர்த் எல்லாம் அதில் அடக்கம். கியர்பாக்ஸை ஏற்றும்போது ஒயரிங் கிளிப் பழைய இடத்தில் உட்கார்ந்ததா? சைலன்சர் பைப்பில் ஒயர் சாய்ந்திருந்தால் சூட்டில்தான் வேலையைக் காட்டும். மூன்று ஒயர் சென்சார் என்றால் கனெக்டரைக் கழற்றி சாவியை ஆன் செய்து மீட்டர் வையுங்கள், பெரும்பாலான வண்டிகளில் ஒரு பின்னில் 5 வோல்ட் வரும். ஒயரை ஆட்டும்போது ரீடிங் துள்ளினால் அங்கேதான் கோளாறு.

நாகை உப்புக்காற்று:
கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் பக்கம் அதுதான் பெரிய தொல்லை. அப்புறம் சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள்.

மன்னார்குடிக்காரன்:
அண்ணே, கிளிப் தொங்குகிறது, ஒயர் ஓரிடத்தில் உருகி செம்பு தெரிகிறது. டேப் சுற்றினால் போதுமா?

டெல்டா டீசல்:
டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகிவிடும். அந்தத் துண்டை வெட்டி, அதே கனத்தில் ஒயர் சேர்த்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூடுகாட்டினால் சுருங்கிப் பிடிக்கும் டியூப்) போட்டு, பைப்பை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள்.