கட்டக்கோரைச் சாறு ஊத்தினா வெள்ளி நானோ வராம கஞ்சித் தண்ணி மாதிரி வெளுக்குது, ஏன்?

வேதாளைப் பொண்ணு:
எம்.எஸ்சி. வேதியியல் ரெண்டாம் வருஷம். புராஜெக்ட், பாசிச் சாறுல வெள்ளி நானோ துகள். அம்மா கடல்ல பாசி எடுக்கப் போறவங்க, அதனால கட்டக்கோரைப் பாசிக்குப் (சர்காசம்) பஞ்சமில்ல. வீட்டு போர் தண்ணியில மூணு தடவை அலசி, நிழல்ல காயவச்சுப் பொடிச்சு, 10 கிராமை 100 மில்லி வாலைவடிநீர்ல 20 நிமிஷம் காய்ச்சி வடிகட்டினேன். 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 90 மில்லி, சாறு 10 மில்லி. பழுப்பாகணும். ஊத்தின நொடியே வெளுத்து, திரிதிரியா அடியில படிஞ்சிருச்சு. சன்னலோரம் இருந்தது மறுநாள் சாம்பல் ஊதா. கைடு, "சாறு கெட்டுப்போச்சு, திரும்பச் செய்"னுட்டார். மூணு தடவை செஞ்சாச்சு. சில்வர் நைட்ரேட் விக்கிற விலைக்கு! விரலெல்லாம் கறுப்பு வேற, அம்மா "என்னடி, மருதாணி வச்ச லட்சணமா இது"ங்கிறாங்க.

குடுவை:
சாறு கெடல தங்கச்சி, உப்பு. கடல் தண்ணி லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. அது வெள்ளியோட சேந்து கரையாத வெள்ளைச் சில்வர் குளோரைடாப் படியுது. சில்வர் குளோரைடோட கரைதிறன் பெருக்கம் 1.8×10⁻¹⁰, அதாவது வெள்ளி, குளோரைடு ரெண்டோட மோலார் செறிவையும் பெருக்கினா இதைத் தாண்டினதும் படியும். கணக்குப் போட்டா உன் கரைசல்ல லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் குளோரைடு இருந்தாலே படிய ஆரம்பிச்சிரும். வெளிச்சத்துல ஊதாவானதும் அதோட குணம்தான்.

சந்தேகம்னா புதுசா விழுந்த வெள்ளையில கொஞ்சம் எடுத்து அமோனியா விடு. டைஅமீன் வெள்ளி அணைவாகிக் கரைஞ்சிரும். அதை மட்டும் மூடி வைக்காதே, நின்னா வெடிக்கிற சரக்காகும். உடனே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு முடிச்சிரு.

ஆமா, உங்க போர் தண்ணியில ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாத்தியா?

ஆய்வக அக்கா:
வெளி உப்பு போனாலும் பாசி தனக்குள்ளயே உப்பு வச்சிருக்கும்மா. சாறை டயாலிசிஸ் பையில (சின்ன அயனியை மட்டும் வெளிய விடுற நுண்துளைப் பை) கட்டி வாலைவடிநீர்ல போடு. குளோரைடு வெளிய வந்துரும், கூழ் மாதிரி இருக்கிற பெரிய சர்க்கரையெல்லாம் உள்ளயே நிக்கும். வெள்ளி அயனியை ஒடுக்கி வெள்ளி உலோகமா மாத்த அது போதும்.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விட்டு என்ன படிகம்னு பாக்குற சோதனை) எடுக்கும்போது 32.2 டிகிரியைப் பாரு. அங்க உச்சம் இருந்தா சில்வர் குளோரைடு. வெள்ளி 38.1-ல வரும். இதைப் பாக்காமலே "வெள்ளி நானோ"னு எழுதிடுறவங்க உண்டு. கிருமிச் சோதனைத் தட்டுல வெறும் சில்வர் நைட்ரேட்டுக்கும் ஒரு வட்டம் வை. அதுவே கிருமியைக் கொல்லும், பேரு பாசிக்குப் போயிரும். கழிவைத் தொட்டியில ஊத்தாதே, தனி பாட்டில்.

வேதாளைப் பொண்ணு:
குடுவை அண்ணே, போர் தண்ணி ஒரே சொட்டுல பாலாயிருச்சு! அலசுறேன்னு உப்புத் தண்ணியிலயே ஊறப் போட்டிருக்கேன்.

வாலைவடிநீர்ல கழுவி, சாறை ராத்திரி முழுக்கப் பையில போட்டு நாலு தடவை தண்ணி மாத்தினேன். 60 டிகிரியில வச்சேன். அரை மணியில இளமஞ்சள், சாயங்காலம் கடுங்காப்பி நிறம். யூவி (எந்த ஒளியை உறிஞ்சுதுன்னு பாக்குற சோதனை) உச்சம் 428 நானோமீட்டர், வெள்ளி நானோவுக்கு வர்ற இடம்தான். எக்ஸ்ஆர்டிக்கு வரிசையில நிக்கிறேன் அக்கா, 32.2-ஐப் பாத்துட்டு வந்து சொல்றேன். விரல் கறுப்புதான் இன்னும் போகல.