பசியில்லாமலே பின்னேரம் வாய் தேடுது, என்ன செய்யலாம்?

கேள்வி (கிளிநொச்சி): மத்தியானம் சோறு சாப்பிட்டும், மனம் சரியில்லாட்டி பின்னேரம் மிக்சர் பை ஒண்டு முடியுது. வயித்துப் பசியோ, மனப் பசியோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பதில் 1: அவிச்ச கடலை தந்தால் சாப்பிடுவியளோ? ஓம் எண்டால் வயித்துப் பசி. மிக்சர்தான் வேணுமெண்டால் பெரும்பாலும் மனசுதான். வயித்துப் பசி மெல்ல மெல்ல வரும். மனப் பசி திடீரெண்டு வரும். பையோட இருந்து சாப்பிடாதேங்கோ, சின்னக் கிண்ணத்தில போடுங்கோ. வயிறு நிறைஞ்சது மூளைக்குத் தெரிய ஏறக்குறைய 20 நிமிசம் எடுக்கும், அதுக்குள்ள பை காலி.

பதில் 2: காலமை பிளேன்ரீயும் ரெண்டு பிஸ்கட்டும் எண்டால் பின்னேரம் இப்பிடித்தான் இழுக்கும். குரக்கன் புட்டோட பயறு, முட்டை ஏதாவது சேருங்கோ. நித்திரை குறைஞ்சாலும் பசி கூடும். ரீக்கு 2 தேக்கரண்டி சீனி, நாளுக்கு 5 தரம் எண்டால் 40 கிராமுக்கு மேல, அதையும் எண்ணுங்கோ.

பதில் 3: ஒரு கிழமை கொப்பியில எழுதுங்கோ: நேரம், பசி 10க்கு எத்தினை, அப்ப மனநிலை என்ன. ஆசை வந்தா 10 நிமிசம் தள்ளிப்போட்டு, கிணத்தடிப் பக்கம் நடவுங்கோ. முழுசாத் தடை போட்டால் பிறகு ரெட்டிப்பாத்தான் சாப்பிடுவியள். நிறுத்தேலாமல், ஒளிச்சுச் சாப்பிடுற அளவெண்டால் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கோ, இலங்கை மனநல உதவி இலக்கம் 1926க்கும் எடுக்கலாம்.