புதுப்பிப்பு: தேயிலைத் தண்டுத் துளை வண்டின் பெயர்

இலங்கையின் கம்பளைத் தேயிலை வாதில் (கிளையில்) துளையிட்ட வண்டை முன்பு ‘யூவாலேசியா ஃபோர்னிகேட்டஸ்’ என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். ஒரே இனமாக இருந்தது 2019இல் நான்காகப் பிரிக்கப்பட்டது. தேயிலையைத் துளைப்பதற்கு இப்போது பெரும்பாலும் தரப்படும் பெயர் ‘யூ. பெர்பிரெவிஸ்’. ஆனால் 1868இல் ஃபோர்னிகேட்டஸ் இனத்தை முதலில் விவரித்ததும்கூட இலங்கை வண்டை வைத்துத்தான். எனவே ஊரைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது. அளவும் உதவாது: பெண் வண்டுகள் எல்லாம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். டிஎன்ஏ பார்த்தே ஆக வேண்டும்.

கவ்வாத்து வெட்டிய வாதை நீளவாக்கில் பிளந்தால், பூஞ்சை படிந்து கறுத்த சுரங்கம் தெரியும். வண்டை 95% எத்தனோலில் போடுங்கள். ஃபோர்மலின் கூடாது, டிஎன்ஏ சிதைந்துவிடும்.

மூக்கு நீளாவிட்டாலும் குடும்பம் மூக்கு வண்டுகளுடையதுதான்: முழங்கைபோல் மடங்கி, நுனி தடித்த உணர்கொம்பைப் பாருங்கள்.